‘வோன்ட்’ – மாட்டேன் என்னும் சொல்லின் கதை

எரியோட்டில் பேருந்து ஏறி, வேடசந்தூர்ப் பக்கத்து நூற்பாலை ஒன்றுக்கு நேர்முகத் தேர்வுக்குச் செல்கிறான் ஓர் இளைஞன் என்று வைத்துக்கொள்வோம். இரவில் கண்விழிக்க அவன் உடல்நிலை இடந்தராது. அதிகாரி ஆங்கிலத்தில் கேட்கிறார்: “வோன்ட் யூ ஒர்க் இன் தி நைட் ஷிப்ட்?” இரவு ஷிப்டில் வேலை செய்யமாட்டாயா? கேள்வி அவனுக்கு நன்றாகவே புரிகிறது. ‘ஆமாம் ஐயா, செய்யமாட்டேன்’ என்று மனத்திற்குள் எண்ணிக்கொண்டு, “எஸ் சார்” என்கிறான். அதிகாரி மகிழ்ச்சியோடு அவன் பெயரை இரவு ஷிப்டில் எழுதிக்கொள்கிறார்!

பிழை எங்கே நேர்ந்தது? தமிழில் ‘ஆமாம்’ என்பது கேட்டவரின் கூற்றை ஒப்புக்கொள்வது. ‘நீ சொல்வது சரி, நான் செய்யமாட்டேன்’ என்பதே அதன் பொருள். ஆங்கில ‘எஸ்’ கேள்வியைப் பார்ப்பதில்லை. தனக்குப் பின்வரும் விடையைப் பார்க்கிறது. விடை உடன்பாடானால் ‘எஸ்’, எதிர்மறையானால் ‘நோ’. “வில் யூ” என்று கேட்டாலும் “வோன்ட் யூ” என்று கேட்டாலும் இதில் மாற்றமில்லை. ஆகவே அவன் “நோ சார், ஐ வோன்ட்” என்றிருக்கவேண்டும். “எஸ், ஐ வோன்ட்” என்பது ஆங்கிலேயர் காதில் முன்னுக்குப்பின் முரணாகவே ஒலிக்கும்.

இதில் நாம் தனித்து நிற்கவில்லை. ஜப்பானியரும் சீனரும் கொரியரும் நம்மைப் போலவே விடை சொல்பவர்கள். எதிர்மறைக் கேள்வியை மறுத்து ‘செய்வேன்’ என்று சொல்லப் பிரெஞ்சு மொழியில் ‘சி’ என்று ஒரு தனிச் சொல்லே உண்டு. ஆங்கிலத்திலும் முன்பு அப்படி இருந்தது. உடன்பாட்டுக் கேள்விக்கு ‘யே’, ‘நே’. எதிர்மறைக் கேள்விக்கு ‘எஸ்’, ‘நோ’. இந்த நான்கையும் சரியாக ஆளவில்லை என்று 1532இல் தாமஸ் மோர், விவிலியத்தை மொழிபெயர்த்த டிண்டேலைக் கடிந்துகொண்டார். வேடிக்கை என்னவென்றால், விதியை விளக்கப் புகுந்த இடத்தில் மோரே தடுமாறிவிட்டார்! பின்னர் அந்த வேறுபாடு வழக்கொழிந்தது.

சரி, ‘வில்’லும் ‘நாட்’டும் சேர்ந்தால் ‘வில்ன்ட்’ என்றல்லவா ஆகவேண்டும்? ‘வோ’ எங்கிருந்து வந்தது? இடைக்கால ஆங்கிலத்தில் ‘வில்’லுக்கு ‘வோல்’ என்றொரு வடிவமும் வழங்கியது. அது ‘நாட்’டுடன் கூடி ‘வோனாட்’ ஆகி, 17ஆம் நூற்றாண்டில் ‘வோன்ட்’ என்று சுருங்கிற்று. ‘வோல்’ மறைந்தது, அதன் சுருக்கம் மட்டும் பிழைத்துக்கொண்டது. ‘வில்’ என்பதன் பழைய பொருள் விரும்புதல். நம் ‘மாட்டு’ என்பதன் பழைய பொருளோ இயலுதல். விருப்பமின்மையிலிருந்து அவர்களும், இயலாமையிலிருந்து நாமும் ஒரே மறுப்புக்கு வந்து சேர்ந்திருக்கிறோம்.

நம் மாணவர்களுக்கு இன்னொரு தொல்லை, ‘வேண்டும்’ என்னும் பொருள் தரும் ‘வான்ட்’. நம் நாவில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகிவிடுகின்றன. பொருளோ நேர் எதிர். ‘வோன்ட்’ என்பதில் ஓகாரத்தை நன்றாக நீட்டுங்கள். அடுத்த சொல்லையும் கவனியுங்கள். ‘வான்ட்’டை அடுத்து ‘டீ’ போன்ற ஒரு பொருளின் பெயர் வரும், அல்லது ‘டு கோ’ என்று ‘டு’ வரும். ‘வோன்ட்’டுக்குப் பின் ‘டு’ வராது. ‘கோ’, ‘கம்’ என்று வினை நேராக நிற்கும்.

“வோன்ட் யூ சிட் டவுன்?” என்று ஒருவர் கேட்டால் திகைக்கவேண்டாம். அது மறுப்பன்று, உபசாரம். ‘உட்காருங்களேன்’ என்பதே அதன் தமிழ்.

உயிரற்ற பொருள்களும் ‘வோன்ட்’ சொல்வதுண்டு. “தி டோர் வோன்ட் ஓப்பன்” என்பதைக் ‘கதவு திறக்காது’ என்று பெயர்த்தால் அதன் உயிர் போய்விடும். எரியோட்டுக் கடைத்தெருவில் மோட்டார் சைக்கிளை உதைத்து உதைத்துக் களைத்தவர் என்ன சொல்கிறார்? “ஸ்டார்ட் ஆகமாட்டேங்குது!” ‘ஆகமாட்டேன் என்கிறது’ என்பதன் சுருக்கம் அது. வண்டியே வாய் திறந்து மறுப்பதுபோல் நாமும் சொல்கிறோம். சொல்லைச் சுருக்கியும் சொல்கிறோம்.