மலை தெரிகிறது, மாந்தர் எங்கே?

கண்டி மாநகரைச் சூழ்ந்த மலைகளின் வனப்பு, படம் பிடிப்போரை நெடுங்காலமாக ஈர்த்து வந்துள்ளது. ஆயின், அம்மலைகளிலே வாழும் மாந்தர்க்கு வெள்ளித்திரையிற் கிடைத்த இடம் யாது? காதற் சித்திரங்களைக் குடும்பத்தோடு கண்டு களிக்கும் நாம், இவ்வினாவை ஒருமுறை எழுப்பிப் பார்த்தல் நன்று.

1867 ஆம் ஆண்டில் ஜேம்ஸ் டெயிலர் என்பார் கண்டிச் சீமையின் லூல்கந்துரைத் தோட்டத்திலே தேயிலை பயிரிட்டார். அத்தொழிலைத் தம் உழைப்பால் வளர்த்தோர் தமிழ்த் தொழிலாளர். 1954 இல் வெளிவந்த 'எலிபன்ட் வோக்' என்னும் ஆங்கிலக் காதற் படம் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தையே களமாகக் கொண்டது. எலிசபெத் டெயிலர் துரைசானியாகத் தோன்றினார். காதலும் ஊடலும் பங்களாவுக்குள்ளே நிகழ, தொழிலாளரோ வாந்திபேதியால் மடியும் கூட்டமாகவே காட்டப்பட்டனர். பங்களாவின் தலைமைப் பணியாளரான அப்புகாமியாக நடித்தவரும் பர்மாவிற் பிறந்த ஏப்ரகாம் சோபர் என்பவரே.

1984 இல் வந்த ஸ்பீல்பேர்க்கின் 'இந்தியானா ஜோன்ஸ்' படத்தில் இன்னும் வேடிக்கை. இந்தியக் கிராமம் ஒன்று கண்டிப் பகுதியிலே அமைக்கப்பட்டது. அக்கிராமத்து 'இந்தியர்' பேசியதோ சிங்களம்! நம் நாட்டு நடிகர் டி. ஆர். நாணயக்கார அதில் முதிய பூசாரியாக வந்தார். தொலைவிலிருந்து நோக்குவோர்க்கு எல்லா முகமும் ஒரே முகம் போலும்.

நம்மவர் முயற்சிகளும் இல்லாமலில்லை. 1963 இல் 'தோட்டக்காரி', 1975 இல் தொழிற்சங்கத் தலைவர் வி. பி. கணேசனின் 'புதிய காற்று' ஆகியன மலையகத் தமிழரைத் திரைக்குக் கொணர்ந்தன. தென்னிந்தியப் படங்களின் பெருவெள்ளத்திடையே இத்தகைய முயற்சிகள் தொடர்ந்து தழைக்கவில்லை.

2012 இல் பிரசன்ன விதானகே அளித்த 'ஒப நத்துவா ஒப எக்க' என்ற சிங்களப் படம் குறிப்பிடத்தக்கது. தாஸ்தாயெவ்ஸ்கியின் சிறுகதையொன்றைத் தழுவிய அப்படத்தில், மலைநாட்டுச் சிறுநகரில் அடகுக்கடை நடத்தும் சிங்களவர் ஒருவர், வடக்கிலிருந்து அடைக்கலமாக வந்த செல்வி என்னும் தமிழ் நங்கையை மணக்கிறார். அவர் முன்னாட் போர்வீரர் என்பது பின்னர் வெளிப்பட, இல்லறம் குலைகிறது. இரு இனத்தாரின் வேதனையையும் ஒரே கூரையின் கீழ்க் காட்டியது இதன் சிறப்பு. 2014 இல் சென்னையில் மிரட்டல்களால் இப்படக் காட்சிகள் நிறுத்தப்பட்டமை வருந்தத்தக்கதே.

செல்வியாக நடித்து, கோவாத் திரைப்பட விழாவிற் சிறந்த நடிகைக்கான பரிசு பெற்றவர் அஞ்சலி பாட்டீல் என்னும் மராத்திய நடிகை. இது குற்றமன்று, பிறராக மாறுவதன்றோ நடிப்பு? எனினும், செல்வியும் வடபுலத்தவளே. கொழுந்து பறிக்கும் குடும்பத்துப் பெண்ணொருத்தி காதற் கதையின் நாயகியாவது இன்றும் அரிதாகவே உள்ளது.

தன்னைத் திரையிற் காணாத பிள்ளை, தன் வாழ்வு கதையாகும் தகுதியற்றதென எண்ணிவிடும். அவ்வெண்ணத்தை மாற்றும் கடமை மாணவர்க்கு உண்டு. லயத்து வாழ்க்கையை அதனை அறிந்தோரே எழுதட்டும்; படமாக்கட்டும். அத்தகைய சித்திரம் வருங்கால், குடும்பத்தோடு சென்று பார்த்து ஆதரிப்பது நம் பொறுப்பு.