கல்மரம் கிடக்கும் ஊரும் பனிக்கண்டமும்

திண்டிவனத்திலிருந்து திருவக்கரைக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் வக்கிரகாளியம்மனைக் கும்பிடத்தான் போகிறார்கள். பௌர்ணமியன்று கூட்டம் தாளாது. அருகிலிருக்கும் கல்மரப் பூங்காவை எட்டிப் பார்ப்பவர்கள் குறைவு. செம்மண்ணில் அடிமரங்கள் சாய்ந்து கிடக்கின்றன. தட்டினால் கல், குனிந்து பார்த்தால் மரத்தின் வரி அப்படியே இருக்கிறது. கிளையில்லை, இலையில்லை. பழைய ஆறொன்று அடித்துவந்து மணலில் புதைத்தவை. வயது சுமார் 2 கோடி ஆண்டு.

பக்கத்திலேயே வழுதாவூர். அங்கே பாறையில் கிடைப்பவை அம்மோனைட்டுகள், அதாவது சுருள் ஓடு கொண்ட கடலுயிரிகள். புதுச்சேரி வட்டாரத்தில் சேகரித்த இவ்வகைப் படிவங்களை எட்வர்டு ஃபோர்ப்ஸ் 1846இல் விவரித்தார். வயது ஏறத்தாழ 7 கோடி ஆண்டு. அன்றைக்கு வழுதாவூர் கடலடி, அண்டார்க்டிகாவோ காடு.

இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட காலத்தில், 3 கோடியே 40 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு, அண்டார்க்டிகாவில் பெரும் பனிப்பாளம் படர்ந்தது. ஏன்? 1977இல் ஜேம்ஸ் கென்னட் சொன்ன விடை கடல். ஆஸ்திரேலியாவும் தென் அமெரிக்காவும் விலகியதும் அண்டார்க்டிகாவைச் சுற்றிக் கடல் தடையில்லாமல் ஓடியது. வடக்கிலிருந்து வந்த வெதுவெதுப்பான நீர் கண்டத்தை நெருங்க முடியவில்லை. அந்தச் சுற்று நீரோட்டம் இன்றும் நொடிக்கு 13 கோடி கன மீட்டர் அளவில் ஓடுகிறது.

அழகான விளக்கம்தான், ஆனால் போதாது. 2003இல் டிகான்டோவும் பொல்லார்டும் கணினி மாதிரியில் சோதித்தபோது, காற்றில் கார்பன் டை ஆக்சைடு குறைந்ததே முதன்மைக் காரணமாகத் தெரிந்தது. நீரோட்டத்தின் பங்கு அதற்கு அடுத்ததுதான். எனக்கும் அதுவே சரியெனப் படுகிறது.

பனி வளர்ந்ததற்குச் சாட்சி, கடலடிச் சேற்றிலுள்ள ஃபொராமினிஃபெரா என்னும் நுண்ணுயிரிகளின் ஓடுகள். கடல்நீர் ஆவியாகும்போது எடை குறைந்த ஆக்சிஜன் கொண்ட நீர் முந்திக்கொண்டு போகும். அது பனியாகக் கண்டத்திலேயே தங்கிவிட்டால், கடலில் கனத்த ஆக்சிஜனின் விகிதம் கூடும். வரவுசெலவைப் பதியும் கணக்குப்பிள்ளைபோல ஓடுகள் அதைக் குறித்துவைத்திருக்கின்றன.

அண்டார்க்டிகா நமக்கு அந்நியமுமல்ல. சுமார் 13 கோடி ஆண்டுகளுக்கு முன்புவரை இந்தியாவின் கிழக்குக் கரை அதனோடு ஒட்டியிருந்தது. அந்தத் தொடர்பை ஆராயவும் உதவும் இடத்தில்தான் 2012இல் அண்டார்க்டிகாவில் இந்தியாவின் பாரதி ஆய்வு நிலையம் அமைந்தது. தொடர்பு முற்றிலும் அறுந்துவிடவும் இல்லை. பனிக்கண்டத்தின் ஓரத்தில் குளிர்ந்து, உப்பேறி, கனத்து மூழ்கும் நீர் கடலடியாகவே வடக்கே ஊர்கிறது. மரக்காணத்துக்குக் கிழக்கே, வங்கக் கடலின் அடியாழத்தில் 2 டிகிரிக்கும் குறைவான குளிரில் கிடக்கும் தண்ணீரில் அதுவும் கலந்திருக்கிறது.