விடியலுக்கு முன் ஒளிர்ந்த மேகம்: மழைக்கு அறிகுறியா?

விடியலுக்கு முன்பு, கீழ்வானம் வெளுக்காத நேரத்தில், வெள்ளியை உருக்கி ஊற்றியதுபோல் ஒரு மேகம் தெரிகிறது. இது என்ன, பயிருக்குக் கெடுதலா, மழை வருமா என்பது விவசாயிகள் கேட்கும் கேள்வி.

சாதாரண மேகம் இருட்டில் கறுத்துத்தான் தெரியும். இருட்டிலும் ஒரு மேகம் தானாக ஒளிர்ந்தால் அது மிக உயரத்தில் இருக்கிறது, தரைக்கு வராத வெயில் அங்கே படுகிறது என்று பொருள். சுமார் 80 கிலோமீட்டர் உயரத்தில் பனித்துகள்களால் உண்டாகும் இரவொளி மேகங்கள் இந்த வகை. 1885-இல் ஐரோப்பாவில் முதலில் கவனிக்கப்பட்டவை. ஆனால் அவை பெரும்பாலும் 50 பாகைக்கு வடக்கே, கோடை மாதங்களில்தான் தெரியும். தமிழ்நாடு 8 முதல் 13½ பாகைக்குள் இருப்பதால் நமக்கு அந்த வாய்ப்பு இல்லை.

இங்கே தெரிவது பெரும்பாலும் ஸ்ரீஹரிகோட்டாவில் ஏவிய ராக்கெட்டின் புகை. ஒரே கோடாகத் தொடங்கி, சில நிமிடங்களில் காற்றில் நெளிந்து, பரந்து கலைந்துவிடும். ஏவிய தேதியையும் நேரத்தையும் செய்தித்தாளில் ஒப்பிட்டால் சந்தேகம் தீரும். இது புதிதும் அல்ல. 1963 நவம்பர் 21 அன்று மாலை தும்பாவில் ஏவிய முதல் ராக்கெட், மேல்வானக் காற்றை அறிய சோடிய ஆவியை விட்டது. அந்த ஆரஞ்சு நிற மேகத்தைக் கேரள மக்கள் வீட்டு வாசலில் நின்றே பார்த்தார்கள். இந்தப் புகை மழையைக் கொண்டுவராது, பயிரையும் தொடாது.

விவசாயி கவனிக்க வேண்டியது நிலவைச் சுற்றிய வட்டத்தை. "அகல் வட்டம் பகல் மழை" என்று பெரியவர்கள் சொன்னதில் விஷயம் இருக்கிறது. கையை நீட்டி விரல்களை விரித்து, கட்டைவிரல் நுனியை நிலவின் மேல் வைத்தால், சுண்டுவிரல் நுனிக்குச் சற்று அப்பால் வட்டம் அமையும். அது உயரத்தில் பரவிய மெல்லிய பனிப்படல மேகம். ஐப்பசியில் வங்கக் கடலில் தாழ்வழுத்தம் இருக்கும்போது மழைக்கு முன்னால் வருவதும் உண்டு. நிலவை ஒட்டிய சிறு வண்ண வளையம் வேறு. அது நீர்த்துளி மேகத்தால் வருவது. கோடையில் அகல் வட்டம் கட்டியும் மழை பெய்யாமல் போவது சகஜம். ஆகவே வட்டத்தை மட்டும் நம்பி அறுவடையைத் தள்ளிப்போட வேண்டாம்.

குறுவை நெல் களத்தில் காயும்போது வட்டம் தெரிந்தால், அன்றிரவே நெல்லைக் குவித்துத் தார்ப்பாய் போடுவது நல்லது. ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் கொள்முதல் நிலையத்தில் எடுக்க மாட்டார்கள். சம்பாவுக்கு யூரியா மேலுரம் இடுபவர்கள், செவ்வாய், வெள்ளிக்கிழமைகளில் வரும் வேளாண் வானிலை அறிக்கையை 'மேகதூத்' செயலியில் பார்த்துவிட்டு மூட்டையைப் பிரிக்கலாம்.