வண்டி 'மிஸ்ஸிங்' அடிக்குதா? பர்ஸைத் திறக்காதீங்க... பானெட்டைத் திறங்க!

சிக்னலில் சிவப்பு விழுந்ததும் பக்கத்தில் நின்ற பைக் ஆசாமி ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். "என்ன சார், கார் குளிர்ல நடுங்குதா?"

மே மாத சென்னை வெயில்! ஆனாலும் வண்டி நடுங்கியது என்னவோ நிஜம்தான். ஸ்டியரிங், கண்ணாடி, டாஷ்போர்டில் ஒட்டிவைத்த பிள்ளையார்... எல்லோரும் சேர்ந்து தாளம் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

1993 மாடல் மாருதி 800. அப்பா ரிட்டயர் ஆன பணத்தில் வாங்கியது. அவர் போன பிறகு அது வெறும் கார் இல்லை, வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் ஒரு பெரியவர் மாதிரி. பெரியவருக்குத்தான் இப்போது உடம்பு சரியில்லை.

முதல் மெக்கானிக் பானெட்டைத் திறக்கவே இல்லை. ரெண்டு தடவை ஆக்ஸிலேட்டரை மிதித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "எஞ்சின் போச்சு சார். இறக்கி வேலை பார்க்கணும். முப்பதாயிரம் வெச்சுக்கோங்க."

அடுத்தவர் கார்ப்பரேட்டரைக் கழற்றிக் கழுவி, மூணு பிளக்கையும் மாற்றி, பில்லைக் கையில் கொடுத்தார். நடுக்கம் அப்படியே இருந்தது. குறைந்தது என் பர்ஸின் கனம்தான். "பேசாம புதுப்பேட்டையில தள்ளிட்டு வாங்க" என்றாள் மனைவி. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் சுருக்கென்றது.

கடைசியில் போய் நின்றது தெருக்கோடி பாயிடம். தொழிலை விட்டுப் பல வருஷம் ஆனவர். ஸ்பேனரைத் தொடாமல் கேள்வியாகக் கேட்டார். "எப்ப நடுங்குது தம்பி? நிக்கும்போதா, ஓடும்போதா? காலையில மட்டுமா, சூடான அப்புறமுமா? மேடு ஏறும்போதா, மழையிலயா?"

டாக்டர் "எப்போ காய்ச்சல் வருது?" என்று கேட்பாரே, அதே கதைதான். ஒவ்வொரு பதிலும் ஒரு வியாதியைக் காட்டும்.

நிற்கும்போது மட்டும் நடுங்கி, வேகமாகப் போகும்போது சரியானால்... கார்ப்பரேட்டரில் ஸ்லோ ஜெட் அடைப்பு, அல்லது எங்கோ ஓட்டை வழியாகக் காற்று திருட்டுத்தனமாக உள்ளே நுழைகிறது.

காலையில் மட்டும் என்றால் சோக் வேலை செய்யவில்லை. சூடான பிறகும் கறுப்புப் புகையோடு தவித்தால், சோக் திறக்காமல் மாட்டிக்கொண்டிருக்கலாம்.

மேட்டில் திணறினால் ஃபில்டர், பெட்ரோல் பம்ப், இல்லை பலவீனமான ஸ்பார்க். மழை நாளில் மட்டும் என்றால் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியையும் பிளக் ஒயரையும் சந்தேகப்படலாம்.

"நம்ம வண்டி எல்லா நேரத்துலயும் நடுங்குதே பாய்?"

"அப்ப ஏதோ ஒரு சிலிண்டர் வேலை செய்யலை. எதுன்னு புடிச்சிடலாம்!"

மாருதி 800-க்கு 796 சி.சி.யில் மூன்றே சிலிண்டர்கள். நாலு சிலிண்டர் வண்டியில் ஒன்று படுத்தால் கால்வாசி பலம் போகும். இதில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். முக்காலியில் ஒரு கால் முறிந்த மாதிரி!

எஞ்சினை அணைத்தார். ஒரு பிளக்கின் ஒயரைக் கழற்றி, ஒரு பழைய பிளக்கில் மாட்டி, அது எஞ்சின் இரும்பைத் தொடும்படி வைத்தார். பெட்ரோல் கசிவு இல்லையே என்று பார்த்துக்கொண்டார். "கையை வெச்சிடாதே, தூக்கிப் போட்டுடும்" என்று எச்சரித்துவிட்டு, சில வினாடி மட்டும் ஸ்டார்ட் செய்யச் சொன்னார். முதல் சிலிண்டரில் நடுக்கம் அதிகமானது. அப்படியென்றால் அது ஒழுங்காக உழைத்துக்கொண்டிருந்தது என்று அர்த்தம். மூன்றாவதும் அப்படியே. இரண்டாவதில் மட்டும் ஒரு மாற்றமும் இல்லை!

ஆபீஸில் தினமும் தூங்குகிற ஆசாமி லீவு போட்டால் யாருக்காவது தெரியுமா? அதே தத்துவம்தான்.

அந்தப் பிளக்கைக் கழற்றினால் பெட்ரோலில் நனைந்து கிடந்தது. "பெட்ரோல் வருது, நெருப்பு வரலை" என்றார். பிளக்கைப் பக்கத்து சிலிண்டரோடு மாற்றிப் போட்டோம். கோளாறு இரண்டாவதிலேயே உட்கார்ந்திருந்தது. ஆக, பிளக் நிரபராதி.

"ராத்திரி வா."

இருட்டில் பானெட்டைத் திறந்து ஸ்டார்ட் செய்தோம். இரண்டாவது ஒயரிலிருந்து எஞ்சின் இரும்புக்கு நீலநிறத்தில் குட்டி மின்னல் 'டிக் டிக்' என்று குதித்துக்கொண்டிருந்தது! உறை வெடித்த ஒயர். பிளக்குக்குப் போகவேண்டிய கரண்ட் வழியிலேயே ஓடிப்போனது. இது தெரியாமல் ரெண்டு மெக்கானிக்குகளுக்கு மொய் எழுதியிருக்கிறேன்!

ஜி.பி. ரோட்டில் ஒரு செட் ஒயர் சில நூறு ரூபாய்தான்.

"ஒயரும் சரியா இருந்தா என்ன பண்ணியிருப்பீங்க பாய்?"

ரப்பர் ஹோஸ்களைப் பார்ப்பாராம். ஒரு துண்டுக் குழாயைக் காதில் வைத்து மறுமுனையை மேனிஃபோல்டு ஓரமாகக் கொண்டுபோனால், ஓட்டை இருக்குமிடத்தில் 'உஸ்ஸ்' கேட்கும். (ஃபேனிலிருந்து தள்ளி நில்லுங்கள்!) 2025-லேயே நம்மூர்ப் பெட்ரோலில் எத்தனால் 20 சதவீதத்தைத் தொட்டுவிட்டது. அதற்காகச் செய்யப்படாத பழைய பெட்ரோல் ஹோஸ்கள் சீக்கிரம் கெடலாம். அவற்றையும் தடவிப் பாருங்கள்.

எல்லாவற்றுக்கும் கடைசியில்தான் கம்ப்ரஷன் டெஸ்ட். ஒரு சிலிண்டரில் அழுத்தம் குறைந்தால் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பார்க்க வேண்டும். ஏறினால் ரிங் தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் வால்வு. பக்கத்துப் பக்கத்து சிலிண்டர் ரெண்டிலும் குறைந்தால் ஹெட் கேஸ்கெட்.

'எஞ்சின் இறக்கணும்' என்பது அதற்கும் பிறகு வரவேண்டிய வார்த்தை. முதல் மெக்கானிக் அதிலிருந்துதான் ஆரம்பித்தார்! யாராவது அப்படிச் சொன்னால், "கம்ப்ரஷன் பார்த்தீங்களா அண்ணே?" என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்.

ஒன்று ஞாபகம் வையுங்கள். இந்த ஒயர் கழற்றும் வித்தை கார்ப்பரேட்டர் காலத்து வண்டிக்கு மட்டும்தான். கம்ப்யூட்டர் வைத்த கார்களுக்கு ஸ்கேனர் இருக்கிறது. அதில் கை வைக்காதீர்கள்.

மறுநாள் காலை அம்மாவை முன்சீட்டில் உட்காரவைத்துச் சாவியைத் திருப்பினேன். பிள்ளையார் அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

ஒரு நிமிஷம் பொறுத்து அம்மா கவலையோடு கேட்டாள்:

"ஏண்டா... ஸ்டார்ட் ஆகலையா?"