வீட்டுப்பணியும் தொழில் அனுமதியும்: வன்னிப் பெண்களின் கடல்கடந்த உழைப்பு குறித்த சில குறிப்புகள்

வீட்டுப்பணி என்பது உழைப்பா, உறவா என்ற வினா எளியதாகத் தோன்றலாம். எனினும், அதற்கு ஒரு சமுதாயம் அளிக்கும் விடையிலேயே பெருந்தொகையான பெண்களின் வாழ்நிலை தங்கியுள்ளது. உழைப்பெனில் அதற்கு நேர வரையறை உண்டு, வேதனம் உண்டு, விலகிச் செல்லும் உரிமையும் உண்டு. உறவெனில் இவற்றைக் கேட்பதே நன்றியின்மையாகக் கருதப்படும். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா ஆகிய வன்னி மாவட்டங்களிலிருந்து மத்திய கிழக்கு நாடுகளுக்குப் பணிப்பெண்களாகச் செல்வோரின் இன்னல்களைப் பொதுவாக எசமானரின் தனிப்பட்ட கொடுமையாகவே பேசி வருகிறோம். அக்கொடுமைக்கு இடமளிப்பது தொழில் அனுமதி என்னும் சட்ட ஏற்பாடே என்பதை விளக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வீட்டுப்பணியாளர் பழைய சமுதாயத்தின் எச்சம் என்றும், கைத்தொழில் வளர்ச்சியுடன் மறைந்துவிடுவர் என்றும் எண்ணுவது தவறு. இங்கிலாந்தின் 1861ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டை 'மூலதனம்' நூலின் முதற்பாகத்தில் ஆராய்ந்த மார்க்ஸ், வீட்டு ஊழியர் தொகை 12,08,648 எனவும், அது நெசவாலைகளிலும் சுரங்கங்களிலும் உழைத்தோரின் கூட்டுத்தொகையை விஞ்சியது எனவும் எடுத்துக்காட்டினார். இயந்திரத்தின் பெருக்கம் ஊழியரின் பெருக்கத்தோடு இணைந்தே நிகழ்ந்தது. அதற்குப் பத்தாண்டுகளின் பின், 1871ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் இலங்கையில் வீட்டு வேலையாட்களைப் பதிவுசெய்ய விதித்தது. பெருந்தோட்டப் பொருளாதாரம் வேரூன்றிய காலம் அது. வேலையாளின் பெயரும் நடத்தையும் பதிவேட்டில் ஏறின. அவரது ஊதியத்துக்கோ ஓய்வுக்கோ உறுதி எதுவும் பிறக்கவில்லை.

இம்மனப்பாங்கு இலக்கியத்திலும் பதிந்துள்ளது. பாரதியின் 'கண்ணன் - என் சேவகன்' பக்தியுணர்வின் வெளிப்பாடென்பதில் ஐயமில்லை. ஆயினும், கூலி மிகுதியாகக் கேட்கும் சேவகரால் அலுத்த வீட்டுத் தலைவனுக்கு, மனைவி மக்கள் இல்லாத, காசைப் பெரிதென எண்ணாத ஒருவன் வந்து வாய்ப்பதே அதன் கதையமைப்பு. கூலி கேளாமை, குடும்பம் இன்மை என்னும் இரண்டும் இலட்சிய ஊழியனின் இலக்கணங்களாக அங்கு அமைந்துவிடுகின்றன. நடைமுறை வாழ்வில் அவ்விலக்கணத்துக்கு ஒரு தாயைப் பொருத்த முனையும்போது நேர்வது யாது என்பதை வன்னியிற் காணலாம்.

2009 மே மாதத்தில் போர் முடிவுற்றபோது வன்னி மக்கள் ஏறத்தாழ முழுமையாகவே இடம்பெயர்ந்திருந்தனர். செட்டிகுளம் மனிக்பாம் முகாம் 2012 செப்டெம்பரிலேயே மூடப்பட்டது. மீளக்குடியேறிய குடும்பங்கள் பலவற்றுக்குப் பெண்களே தலைமை தாங்கினர். கால்நடையும் கருவிகளும் அழிந்திருந்தன. வயலில் அறுவடை இயந்திரம் இறங்கியபின் பெண்களின் கூலிவேலை சுருங்கியது. வங்கி செல்லாத குடிசைக்கும் நுண்கடன் நிறுவனம் சென்றது. 2018இல், வறட்சியுற்ற மாவட்டங்களின் பெண்கள் பெற்ற ஒரு இலட்சம் ரூபாவுக்கு மேற்படாத நுண்கடன்களை அரசே தள்ளுபடி செய்ய நேர்ந்தமை கடன்சுமையின் பரிமாணத்தை உணர்த்தும். முகவர் முன்பணத்துடன் வீட்டு வாயிலுக்கு வருவது இச்சூழலிலேயே.

இங்குதான் அனுமதியின் முதற்கட்டம் தொடங்குகின்றது. 1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் நிறுவப்பட்ட இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்திற் பதிவுபெற்றே எவரும் தொழிலுக்குச் செல்லலாம். மூதூரைச் சேர்ந்த ரிசானா நபீக், வயதைக் கூட்டிக்காட்டிய கடவுச்சீட்டுடன் 2005இல் சவூதி அரேபியா சென்று, பராமரிப்பிலிருந்த குழந்தையின் மரணம் தொடர்பில் 2013 ஜனவரி 9ஆந் திகதி சிரச்சேதம் செய்யப்பட்டாள். அதே ஆண்டில் பணிப்பெண்களின் ஆகக்குறைந்த வயது உயர்த்தப்பட்டது. குடும்பப் பின்னணி அறிக்கையும் கட்டாயமாயிற்று. ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளையுள்ள தாய்க்கு அனுமதி மறுக்கப்பட்டது. தந்தைக்கு இத்தகைய விதி எதுவும் இருக்கவில்லை.

அவ்வறிக்கைக்குக் கணவனின் இணக்கமும் நாடப்பட்டது. கணவன் காணாமலாக்கப்பட்ட பெண் யாருடைய இணக்கத்தைக் காட்டுவாள்? அவள் சட்டத்தின் கண்ணில் மனைவி, வாழ்வில் தனித்தவள். மரணச் சான்றிதழ் பெற்றால் விதவையாகலாம். ஆனால் அவன் உயிரோடிருக்கிறான் என நம்பித் தேடுபவள் அதில் எவ்வாறு கையொப்பமிடுவாள்? காணாமற்போனமைக்கான சான்றிதழுக்குச் சட்டம் வழிவகுத்தது 2016இலேயே. நேர்வழி அடைபட்டோர் சுற்றுலா விசாவில், பதிவின்றிச் செல்லத் துணிந்தனர். பாதுகாப்புக்கென இயற்றப்பட்ட விதி பாதுகாப்பற்ற வழியை வளர்த்தது. 2022இன் அந்நியச் செலாவணி நெருக்கடியில் வயதெல்லையும் தாய்மார் மீதான கட்டுப்பாடும் தளர்த்தப்பட்டமை கவனிக்கத்தக்கது. டொலர் தேவைப்பட்டவிடத்துத் தாய்மை பற்றிய கரிசனை பின்தள்ளப்பட்டது.

இரண்டாவது கட்டம் சென்றடையும் நாட்டில் உள்ளது. கபாலா முறையில் வதிவிட அனுமதி கபீல் எனப்படும் பொறுப்பாளருடன் பிணைக்கப்பட்டுள்ளது. அவர் முகவருக்குப் பணம் செலுத்திப் பெண்ணை வரவழைக்கிறார்; அச்செலவை உழைப்பினால் மீட்க முயல்கிறார். ஆதலின் கடவுச்சீட்டு அவர் பெட்டியிற் பூட்டப்படுகின்றது. ஊதியம் கிடையாமையால் வீட்டைவிட்டு வெளியேறுபவள், ஒப்பந்தத்தை மீறியவள் என்ற நிலையைக் கடந்து, சட்டவிரோதக் குடியேறியாகவே மாறிவிடுகிறாள். வேலையை விடும் சுதந்திரமே கூலியுழைப்பாளியை அடிமையிலிருந்து பிரிப்பதெனின், இவள் நிலை அவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. குவைத் 2015இல் வேலைநேரத்தையும் வாராந்த ஓய்வையும் சட்டமாக்கியது. எசமானரின் இசைவின்றி வேலைமாறும் உரிமையைக் கட்டார் 2020இல் வழங்கியது. சவூதி அரேபியாவின் 2021ஆம் ஆண்டுச் சீர்திருத்தமோ வீட்டுப்பணியாளரை உள்ளடக்கவில்லை.

இதனை அரபுப் பண்பாட்டின் குறையென ஒதுக்குவது பொருந்தாது. வெளிநாட்டு வீட்டுப்பணியாளர் எசமானரை மாற்றுவதற்கு 1998 முதல் நிலவிய உரிமையைப் பிரித்தானியா 2012இல் நீக்கியது. 2016இல் மட்டுப்படுத்தப்பட்ட அளவிலேயே மீள அளித்தது. ஐரோப்பிய இளையோர் பிறநாட்டுக் குடும்பத்துடன் தங்கிப் பிள்ளைகளைப் பராமரித்து மொழி பயிலும் 'ஓ பேர்' முறையை எடுத்துக்கொள்வோம். 1969ஆம் ஆண்டு ஸ்ட்ராஸ்பேர்க் உடன்படிக்கை அதற்கு எழுத்துமூல ஒப்பந்தத்தையும், நாளுக்கு ஐந்து மணிக்கு மேற்படாத பணியையும் விதித்தது. ஆயினும், அளிக்கப்படுவது ஊதியமன்று, கைச்செலவுப் பணமே என்றது. உறவின் பெயரால் உழைப்பை மறைக்கும் வழக்கம் அங்கும் உண்டு; மறைப்பின் விலையை வர்க்கமும் பிறந்த நாடும் நிர்ணயிக்கின்றன.

நம் வீடுகளும் இதற்கு விலக்கல்ல. மலையகச் சிறுமியரை யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் 'வீட்டுப் பிள்ளை' என வைத்திருந்தோர் நம்மவரே. 2016இல் தேசிய ஆகக்குறைந்த வேதனச் சட்டம் நிறைவேறியபோது வீட்டுப்பணியாளர் அதன் எல்லைக்கு வெளியே நிறுத்தப்பட்டனர். சொந்த நாட்டில் தொழிலாளி என ஏற்கப்படாதவளுக்கு அந்நிய நாட்டில் அவ்வுரிமை கோரும் அரசின் குரல் வலுவற்றதாகவே ஒலிக்கும்.

2011இல் சர்வதேச தொழில் தாபனம் நிறைவேற்றிய 189ஆம் இலக்கச் சமவாயம், வீட்டுப்பணியாளரைப் பிற தொழிலாளருக்கு நிகராக நோக்குகின்றது. புறப்படுமுன் எழுத்துமூல நிபந்தனைகளைப் பெறுவதும், பயண ஆவணங்களைத் தம்வசம் வைத்திருப்பதும் அவர்தம் உரிமைகளென வகுக்கின்றது. எனவே, பெண்களைத் தடுப்பதா அனுப்புவதா என்ற விவாதத்தைக் கடந்து இரு கோரிக்கைகள் முன்வைக்கப்பட வேண்டும். தொழில் அனுமதி எசமானருக்கு உரியதாகாது தொழிலாளிக்கு உரியதாதல் வேண்டும். வன்னியிலே நிலமும் நீரும் கடனற்ற தொழிலும் கிடைத்து, போகாதிருக்கும் தெரிவும் அவளுக்கு இருத்தல் வேண்டும். இத்தெரிவு இல்லாதவிடத்து அவள் இடும் கையொப்பத்தைச் சம்மதம் எனக் கொள்வது பொருந்தாது.