குக்கி தானாகப் போகிறதா?

ஒரு தளத்துக்குக் கோரிக்கை போகும்போதெல்லாம், அந்தத் தளம் முன்பு கொடுத்த குக்கியையும் பிரவுசர் கூடவே அனுப்பிவிடும். 1994இல் நெட்ஸ்கேப்பில் லூ மொன்டுல்லி குக்கியை உருவாக்கியபோது, கோரிக்கையைக் கிளப்பியது எந்தப் பக்கம் என்பது கணக்கிலேயே இல்லை. வங்கித் தளத்தில் லாகின் செய்திருப்பவர் இன்னொரு டேபில் வேறு ஏதோ பக்கத்தைத் திறக்கிறார். அதில் ஒளிந்திருக்கும் படிவம் தானாகவே வங்கிக்குப் போய்ச் சேர்கிறது. குக்கியும் சேர்ந்து வருவதால், வாடிக்கையாளரே கேட்டதாக வங்கி எடுத்துக்கொள்கிறது. சிஎஸ்ஆர்எஃப் என்ற தாக்குதல் இதுதான். ஐஎன்ஜி டைரக்ட் வங்கியின் தளத்தில் இந்த வழியாகக் கணக்கிலிருந்து பணத்தையே வெளியே மாற்றலாம் என்று பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் வில்லியம் ஜெல்லரும் எட்வர்ட் ஃபெல்டனும் 2008இல் காட்டினார்கள். அதனால்தான் ஜாங்கோ, லாராவெல் போன்ற ஃபிரேம்வொர்க்குகள் தனியாக ஒரு டோக்கன் கேட்கின்றன. யாராலும் ஊகிக்க முடியாத அந்த எழுத்துவரிசையைப் படிவத்திலோ ஹெடரிலோ தளத்தின் சொந்தப் பக்கம் சேர்த்து அனுப்ப வேண்டும். அயல் பக்கத்தால் அதைப் படிக்க முடியாது.

டோக்கன் சரியாக வராத ஏபிஐ கோரிக்கைக்கு ஜாங்கோ 403 என்று பதில் தரும். லாராவெல் 419 தரும். அவசரத்தில் இருக்கும் நிரலாளர் அந்த முகவரிக்கு மட்டும் இந்தச் சோதனையிலிருந்து விலக்கு கொடுத்து ஒரு வரி எழுதுகிறார், பிழை மறைந்துவிடுகிறது. அந்த வரியை எழுதலாமா என்பதை ஒரு கேள்விதான் தீர்மானிக்க வேண்டும்: பயனர் யார் என்பதற்கான சான்றை பிரவுசர் தானாக ஒட்டி அனுப்புகிறதா, அல்லது நம் நிரல் ஒவ்வொரு முறையும் எடுத்து வைக்கிறதா? ஆதரைசேஷன் ஹெடரில் நிரலே அடையாள டோக்கனை வைக்கிறது என்றால் அயல் பக்கத்தால் அதைச் செய்ய முடியாது, விலக்கு நியாயம்தான். சான்று செஷன் குக்கி என்றால் விலக்கு என்பது கதவைக் கழற்றி வைப்பதுதான். ஜாங்கோவில் ஏபிஐ கட்ட உதவும் ஜாங்கோ ரெஸ்ட் ஃபிரேம்வொர்க் இந்தக் கேள்வியைத் தன் அமைப்பிலேயே வைத்திருக்கிறது. செஷன் மூலம் அடையாளம் தெரிந்த கோரிக்கைக்கு மட்டுமே அது சிஎஸ்ஆர்எஃப் சோதனை நடத்தும். லாகினுக்கு முன் ஓடிய கோரிக்கை லாகினுக்குப் பின் 403 ஆகும் விசித்திரத்துக்குக் காரணம் இதுவே. நிர்வாகப் பக்கத்தில் லாகின் செய்த அதே பிரவுசரில் டோக்கன் வழி ஏபிஐயைச் சோதிப்பவரும் இதில் சிக்குவார். அடையாளம் காணும் முறைகளின் பட்டியலில் செஷன் முறை முதலில் இருந்தால், அந்தப் பழைய குக்கியே முந்திக்கொள்ளும்.

விலக்கு கூடாது என்று தெரிந்த பிறகு கோளாறைத் தேடுவது கடினமல்ல, ஏனென்றால் பிழைச் செய்தியே காரணத்தைச் சொல்கிறது; அதைப் படிக்காமல் விடுவதுதான் வழக்கம். குக்கி இல்லை என்று செய்தி சொன்னால், முகப்பு வேறு டொமைனில் இருந்து, ஃபெட்ச் அழைப்பு குக்கியைச் சேர்க்காமல் போகிறதா என்று பார்க்க வேண்டும். டோக்கன் தவறு என்று சொன்னால், லாகினின்போது ஜாங்கோ டோக்கனை மாற்றிவிடும் என்பதை நினைத்துக்கொள்வது நல்லது; ஒற்றைப் பக்கச் செயலி பழையதையே கையில் வைத்திருக்கும். ஆரிஜின் பொருந்தவில்லை என்பது 2021 டிசம்பரில் வந்த ஜாங்கோ 4.0க்கு மாறியவர்களைத் திகைக்க வைத்த செய்தி. அந்தப் பதிப்பு முதல், நம்பகமான முகவரிகளின் பட்டியலில் எச்டிடிபி அல்லது எச்டிடிபிஎஸ் என்ற முன்பகுதியும் இருந்தாக வேண்டும். முன்னால் நிற்கும் பிராக்ஸி எச்டிடிபிஎஸ்ஸை அவிழ்த்து வெறும் எச்டிடிபியாக உள்ளே அனுப்பி, அதை ஜாங்கோவுக்குச் சொல்லாமல் விட்டாலும் இதே பிழை வரும்.

“ஏபிஐ ஜேசன் மட்டும்தானே வாங்குகிறது, படிவத்தால் என்ன செய்ய முடியும்?” என்று கேட்பார்கள். உள்ளடக்க வகையைச் சரிபார்க்காமல் நேரே ஜேசனாகப் பிரிக்கும் நிரலுக்கு, வெற்று உரை வகையில் படிவம் அனுப்பியே ஜேசன் போலக் கொடுத்துவிடலாம். அயல் தளக் கோரிக்கைகளுக்கான பிரவுசர் விதியான சிஓஆர்எஸ் காக்கும் என்பதும் பாதி உண்மைதான். இப்படிப்பட்ட எளிய கோரிக்கைகளில் அது பதிலைப் படிப்பதைத் தடுக்குமே தவிர, கோரிக்கை சர்வரை அடைவதைத் தடுக்காது. பணம் அதற்குள் மாறியிருக்கும். தனி ஹெடர் இருந்தால் போதும் என்று ஜாங்கோவே ஒரு காலத்தில் நம்பி, அஜாக்ஸ் கோரிக்கைகளைச் சோதனையிலிருந்து விட்டுவைத்திருந்தது. பிரவுசர் செருகுநிரல்களையும் திசைதிருப்பலையும் சேர்த்து அந்த ஹெடரைப் போலியாக்கலாம் என்று தெரிந்ததும், 2011 பிப்ரவரியில் அந்தச் சலுகையை எடுத்துவிட்டது.

வலுவான மறுப்பு ஒன்று உண்டு. 2020இல் வந்த குரோம் 80 முதல், அயல் தளக் கோரிக்கையோடு போகலாமா என்று சொல்லும் சேம்சைட் குறிப்பு இல்லாத குக்கியை அந்த பிரவுசர் அயல் தளத்தின் போஸ்ட் கோரிக்கையோடு அனுப்புவதில்லை. பிறகு டோக்கன் எதற்கு? பெரிய முன்னேற்றம்தான், மறுக்கவில்லை. ஆனால் புதிதாக வைத்த குக்கிக்கு முதல் 2 நிமிடம் குரோம் விதிவிலக்கு கொடுத்தது. ஒரே டொமைனின் துணை டொமைன்கள் சேம்சைட்டின் பார்வையில் அயல் தளமே அல்ல. முகப்பையும் ஏபிஐயையும் இரு வேறு தளங்களில் வைத்திருப்பவர்களோ, குக்கி போய்ச் சேர வேண்டும் என்பதற்காகவே சேம்சைட்டை ‘நன்’ என்று மாற்றி, அந்தக் காவலைத் தாங்களே நீக்கியிருப்பார்கள். 403 கண்டு விலக்கு எழுதும் ஆசை அதிகம் வருவதும் இவர்களுக்குத்தான்.