மட்கலமும் முதுமொழியும்: இரு பழமொழிகளின் தோற்றப் பொருள்

முன்னுரை

பழமொழிகளுக்கு ‘உண்மைப் பொருள்’ கூறும் விளக்கங்கள் இன்று மேடைகளிலும் சமூக ஊடகங்களிலும் பெருகியுள்ளன. வழக்கில் உள்ள வடிவம் திரிபு என்றும், மறைந்துபோன வேறொரு சொல்லே மூலம் என்றும் அவை கூறுகின்றன. தொல்காப்பியச் செய்யுளியல், நுண்மையும் சுருக்கமும் உடையதாய்க் கருதிய பொருளை முடித்தற்கு ஏதுவாக வருவது முதுமொழி என்கிறது. வேப்பூரை அடுத்த விருத்தாசலம் பீங்கான் தொழிலுக்குப் பெயர்பெற்ற ஊர். மண்ணையும் கலத்தையும் அறிந்த இத்தகைய வட்டாரத் தொழிலறிவின் துணையோடு இரு பழமொழிகளை இக்கட்டுரை ஆராய்கிறது.

மண்குதிரை

‘மண்குதிரையை நம்பி ஆற்றில் இறங்காதே’ என்பதில் ‘குதிரை’ என்பது குதிர்+ஐ எனப் பிரியும் என்றும், குதிர் ஆற்று மணல்திட்டைக் குறிக்கும் என்றும் விளக்குவர். இதனை ஏற்பதில் மூன்று தடைகள் உள்ளன.

முதலாவது, குதிர் என்பது நெல் சேமிக்கும் கலன். ‘எங்கப்பன் குதிருக்குள் இல்லை’ என்னும் வழக்கே இதற்குச் சான்று. இரண்டாவது, ‘குதிரையை’ என்னும் வடிவம் இப்பிரிப்பிற்கு இடந்தராது. ‘குதிரை நம்பி’ எனக் கொண்டாலும், அஃறிணைப் பெயரில் இரண்டாம் வேற்றுமை உருபு தொக்கு வருதல் இயல்பாதலால், அது விலங்கையே குறிக்கலாம். மூன்றாவது, மண்குதிரைமேல் எவரும் ஆற்றைக் கடக்க முயலார் என்னும் வாதம் பழமொழியின் இயல்பை நோக்காதது. ‘ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது’ என்பதிலும், ஒரு பொருளின் உருவம் அப்பொருளின் பயனைத் தராது என்பதே கருத்து.

ஐயனாருக்குச் சுடுமண் புரவி செய்தளிக்கும் மரபில் மண்குதிரை மக்கள் நன்கறிந்த பொருள். களிமண்ணை ஏறத்தாழ 600 பாகை செல்சியசு வரை சுட்டால், அதன் கட்டமைப்பில் பிணைந்துள்ள நீர் நீங்கிவிடும். அதன்பின் அது நீரில் கரையாது. சுடாத பச்சை மண்ணோ கரைந்துவிடும். கரைந்துபோகும் துணையை நம்பாதே என்னும் எச்சரிக்கை இவ்வேறுபாட்டை அறிந்த சமூகத்திற்கு எளிதில் விளங்கும்.

சட்டியும் அகப்பையும்

‘சட்டியில் இருந்தால் அகப்பையில் வரும்’ என்பதைச் சஷ்டி விரதம் இருந்தால் கருப்பையில் கரு தங்கும் என விளக்குவர். சஷ்டி என்பது தமிழில் ‘சட்டி’ எனத் திரிதல் ஒலியியலுக்கு ஒத்ததே. ஆயினும் ‘விரதம்’ என்னும் சொல் பழமொழியில் இல்லை. அகப்பை என்பது சிரட்டையில் காம்பு பொருத்திய, முகக்கும் கருவி. சட்டி, அகப்பை என்னும் இரண்டும் ஒரே அடுக்களையைச் சேர்ந்தவை. அவ்வாறிருக்க, இரண்டையும் ஒருங்கே வேறு பொருளுக்கு மாற்றுவதற்குத் தனிச்சான்று வேண்டும். உள்ளதே வெளிப்படும் என்னும் கருத்து அச்சான்றின்றியே நிறைவாகப் பொருந்துகிறது.

முடிவுரை

புதுவிளக்கம் ஒன்றை ஏற்குமுன் மூன்றை நோக்குதல் வேண்டும்: அச்சொல்லுக்கு அப்பொருள் பிற வழக்குகளில் உண்டா; இலக்கணம் இடந்தருமா; பழமொழியின் ஏனைய சொற்கள் அக்களத்தோடு இயைகின்றனவா. இம்மூன்றும் இல்லாத விளக்கங்கள் நிலைபெறுமாயின், குயவரின் சூளையும் பெண்களின் அடுக்களையும் தந்த அனுபவ அறிவு பழமொழிகளிலிருந்து நீங்கிவிடும்.